போன வாரத்து எடை

தம்பி,

இன்று காலையும் ஐந்து மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "போய்ட்டு வரேன்மா, இன்னிக்குப் பாலத்துல ஜேம் அதிகமா இருக்கும்" என்றாய். நான் கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்துப் போப்பா" என்றேன். பாலத்தில் வண்டி நெரிசல் இருந்திருக்கலாம். ஆனால் நீ சிங்கப்பூருக்குப் போகும் அந்தப் பாலத்துக்குப் போகவில்லை. சிங்கப்பூரில் உன் டீமையே நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று எனக்குத் தெரியும். இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்பதுதான் தெரியாது. மாமாக் கடைத் தேநீர் மேசையிலா, நூலகத்திலா, கடலோரமா? நேரில் பேசாமல் கைப்பேசிக்கு எழுதி அனுப்பக் காரணம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ "வேலைல்லாம் நல்லா போகுதும்மா" என்று சொல்லிவிடுவாய். நானும் "அப்படியா, சந்தோஷம்" என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். நம் இருவருக்கும் அது கைவந்த கலை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றாவது வரியிலேயே பயந்து மூடிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நம் பெர்மாஸ் ஜெயா சந்தையில், கீரைக்காரரிடம் நின்றுகொண்டிருந்தபோது, பின் வரிசை வீட்டு விமலா வந்தாள். அவள் மகளும் உன் ஆபீஸில் வேறொரு பிரிவில் இருக்கிறாள் என்பது உனக்கே தெரியும். "என்னக்கா, தம்பியோட டீமையே நிப்பாட்டிட்டாங்களாமே, வேற வேல கெடச்சிருச்சா?" என்று கேட்டாள். உண்மையான அக்கறையில்தான் கேட்டாள். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அவனுக்கு மட்டும் வேற டீம் குடுத்துட்டாங்க விமலா" என்றேன். வாங்கிய கீரையைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வரும் வழியெல்லாம் உன்னைப் பற்றி நினைத்ததைவிட என்னைப் பற்றித்தான் நினைத்தேன். ஒரு நொடியில் எவ்வளவு சுத்தமான பொய்! உனக்கு இந்தத் திறமை வேறெங்கிருந்து வந்திருக்கும்?

அன்று மாலை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "தெரியும்" என்றார். "எப்படித் தெரியும்?" "பாலம் தாண்டுற மோட்டாருக்கு ஒரு தடவ ஊத்துன எண்ண இத்தன நாளு தாங்காது. அதுவும் பையன் இப்பல்லாம் மூஞ்சில கரியில்லாம வர்றான்." "தெரிஞ்சா என்கிட்ட ஏன் சொல்லல?" "நீ கவலைப்படுவேன்னுதான்." பார்த்தாயா? உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாது என்று நீ மறைக்கிறாய். அப்பாவுக்குத் தெரிந்ததை அவர் என்னிடம் மறைக்கிறார். எனக்குத் தெரிந்ததை நான் விமலாவிடம் மறைக்கிறேன். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எல்லாம் நல்லா இருக்கு என்று ஒருவருக்கொருவர் ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை நினைத்து எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அழுதேன்.

நமக்குள் மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். உனக்கு வேறு வேலை கிடைத்ததும் நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய் என்று காத்திருந்திருப்பேன். ஆனால் ஷாமினி இருக்கிறாள். தை பிறந்ததும் உன் கையைப் பிடிக்கப் போகிற பெண். பொந்தியானில் அந்தக் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவள், வரும் திங்கட்கிழமை வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கப் போகிறாள். ஆசிரியர் பயிற்சிக்கு முழுநேரமாகப் படிக்கப் போகிறாள், நீ படிக்க வைக்கிறாய் என்று போன வாரம் போனில் குதூகலமாகச் சொன்னாள். "அவரு வேல இருக்கறதாலதான் ஆன்ட்டி எனக்கு இந்தத் தைரியம்" என்றாள். எனக்குத் தூக்கம் போனது அதிலிருந்துதான். அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள், தம்பி. அந்தக் கணக்குக்குள் நீ கொடுத்த எண் இருக்கிறது.

இனி நம் இருவரின் புரோகிராம் எழுதும் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். உனக்குப் போய் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். உன் அப்பாவும் படிப்பார் என்பதால் விளக்கியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நாம் இருவரும் எழுதுகிற மொழிகளில், ஒரு ஃபங்ஷன், அதாவது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து பதில் தருகிற சின்னப் பகுதி, எழுதும்போதே, அதைக் கூப்பிட்டால் அது என்ன வகைப் பதிலைத் திருப்பித் தரும் என்று அதன் தலையிலேயே, முதல் வரியிலேயே, எழுதிவிட வேண்டும். எண் தருமா, பெயர் தருமா, பட்டியல் தருமா என்பது வெளியே தெரிய வேண்டும். எண் என்று எழுதிவிட்டுப் பெயரைக் கொடுக்க முடியாது, எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர் விடாது. புதிதாக வருகிற பிள்ளைகள் உள்ளே எழுதுகிற வேலைக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். திருப்பித் தரும் வகையைப் போகிற போக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இத்தனை வருஷத்தில் புரிந்தது வேறு. உள்ளே செய்வது உன் சொந்த விஷயம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். திருப்பித் தரும் வகைதான் நீ அடுத்தவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு. அதை நம்பித்தான் மற்றவர்கள் தங்கள் வேலையை எழுதுகிறார்கள்.

நாங்கள் டயாலிசிஸ் நிலையங்களுக்கு மென்பொருள் செய்வது உனக்குத் தெரியும். அங்கே ஒரு நாள் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் நீர் தேங்கிக்கொண்டே போகும். வந்தவுடன் எடை பார்ப்பார்கள். இருக்க வேண்டிய எடையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அந்த அளவு நீரை இயந்திரம் எடுக்கும். இன்றைய எடை என்ன என்று சொல்வதற்கு எங்களிடம் ஒரு ஃபங்ஷன் இருந்தது. அது எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். எடை இன்னும் பார்க்கவில்லை என்றால்? என் கூட வேலை செய்கிற குணா, யோங் பெங் ஊர்ப் பையன், தங்கமானவன், அதற்கு ஒரு வழி செய்திருந்தான். "ஸ்கிரீன்ல காலியா இருந்தா நர்ஸுங்க சத்தம் போடறாங்கக்கா. அதான் இன்னிக்கு எடை இல்லைன்னா போன தடவ எடையக் காட்டற மாதிரி வெச்சிட்டேன். எட என்ன ரெண்டு மூணு நாள்ல ஓடியா போயிரும்?" என்றான். எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு திங்கட்கிழமை ஒரு சீனப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்கவில்லை, நிற்கவும் தெம்பில்லை. எடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைத்திருக்கிறார்கள். அடுத்து வந்த நர்ஸ் திரையைப் பார்த்தாள். எடை இருந்தது. ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அந்த எண்ணை வைத்தே எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அந்த மனிதர் உடம்பில் எடுப்பதற்கு அவ்வளவு நீரே இல்லை. இரத்த அழுத்தம் இறங்கி, காலெல்லாம் சுண்டி இழுத்து, மயங்கிவிட்டார். இன்னொரு நர்ஸ் பார்த்து இயந்திரத்தை நிறுத்தியதால் பிழைத்தார். மறு வாரமே வந்து எல்லாரையும் திட்டினார், அந்தத் திட்டைக் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். திரையில் இருந்தது பொய்யில்லை, தம்பி. அது உண்மையான எடைதான். போன வாரத்து உண்மை. "வேலை நல்லா போகுது" என்று நீ சொல்வதும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான்.

பிறகு அந்த ஃபங்ஷனை மாற்ற உட்கார்ந்தோம். குணா, "அப்ப ஸீரோ குடுத்துடலாமாக்கா?" என்றான். "ஸீரோவும் நம்பர்தானே குணா. நாளைக்கு யாராச்சும் அதையும் வெச்சுக் கணக்குப் போடுவாங்க" என்றேன். இல்லை என்பதை எண்ணாக வேஷம் போட்டு அனுப்பினால், வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால் வகையையே மாற்றினோம். "எடை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று தலையிலேயே எழுதினோம். அப்படி எழுதிவிட்டால், கூப்பிடுகிறவர் இல்லை என்றால் என்ன செய்வது என்று யோசிக்காமல் மேலே போகவே முடியாது. அதுவும் போதவில்லை. வெறுமனே இல்லை என்றால் நர்ஸ் என்ன செய்வாள்? இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்க்க வேண்டும், நிற்க முடியவில்லை என்றால் படுக்கையோடு எடை பார்க்கிற தராசு வேண்டும், தராசே கெட்டுவிட்டது என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆகவே எடையைத் தா, இல்லையேல் ஏன் இல்லை என்பதைத் தா என்று முடித்தோம். எல்லா இடத்திலும் இவ்வளவு தேவையில்லை. இன்று யார் யார் வரவில்லை என்று கேட்டால் காலிப் பட்டியலே நல்ல பதில், எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எதற்கு எது பொருத்தம் என்று உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

வகையை மாற்றிவிட்டு கம்பைல் செய்தபோது குணா அலறியது இன்னும் காதில் இருக்கிறது. "அலமாக்! ஃபுல்லா சிவப்புக்கா! நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?" அந்த ஃபங்ஷனை நம்பியிருந்த ஒவ்வோர் இடமும் பிழை காட்டியது. திரை நகர நகரச் சிவப்பு. நான் சொன்னேன், "நேத்தும் தப்பாத்தான் ஓடிச்சு. இன்னிக்குத்தான் அது வாயத் தொறக்குது." நீ உண்மையைச் சொன்னால் உனக்கும் இப்படித்தான் சிவக்கும் என்று தெரியும். ஷாமினியின் படிப்பு, அவள் வீட்டார், கல்யாண மண்டபம், உன் சிங்கப்பூர் வேலையைப் பற்றித் தொழிற்சாலையில் பெருமையடித்திருக்கிற உன் அப்பா. எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்து நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் தைரியம் வரும்? எனக்கும் வராது. ஆனால் அன்று நாங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பாதி இடங்களில் எடை இருக்க வேண்டிய இடத்தில் சும்மா ஒரு கோடு போட்டால் போதுமாக இருந்தது. சில இடங்களில் காத்திருக்கச் சொன்னோம். ஒரே ஓர் இடத்தில்தான் உண்மையான தலைவலி. மாலை தேநீருக்குள் குணா பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான்.

வாக்குக் கொடுப்பதில் எதிர்ப்பக்கமும் உண்டு. உன் அப்பா திருப்பித் தருவதற்கு வகையே கிடையாது. மீன் வாங்கி வரச் சொன்னால் மீன் வரும், கறிவேப்பிலைக் கன்று வரும், ஒரு முறை பழைய சைக்கிள் வந்தது. பையைப் பிரித்துப் பார்த்துத்தான் அன்றைய குழம்பை நான் முடிவு செய்கிறேன். எதுவும் வரலாம் என்று எழுதுகிற ஃபங்ஷனோடு குடும்பம் நடத்துவது சிரமம், நடத்திக்கொண்டிருப்பவள் சொல்கிறேன். நீ அதற்கு நேர் எதிர். தேவைக்கு மேல் குறிப்பாக வாக்குக் கொடுப்பாய். ஷாமினியிடம் "படிக்க வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். "இந்த வேலையில இருந்துகிட்டே, இந்த வருஷமே" என்று சேர்த்துச் சொன்னாய். பட்டியல் தருவேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அது உள்ளே எந்த மாதிரிப் பட்டியல் என்பதையும் வாக்காகக் கொடுத்துவிட்டால், பிறகு உள்ளே ஒரு மாற்றம் வந்தாலும் வெளியே வாக்குத் தவறியதாகிவிடும். அவளைப் படிக்க வைப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி, எப்போது என்பதை மட்டும் இனி அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்.

"கவலைப்படுவாங்க" என்று சொல்லாமல் இருப்பதை நம் ஆட்கள் அன்பு என்றே நம்புகிறோம். எனக்கு அதில் ஒரு பழைய காயம் உண்டு. நான் பாலிடெக்னிக்கில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது என் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. ஹாஸ்டல் போனில் நான் கேட்கும்போதெல்லாம் வீட்டில், "அப்பா நல்லா இருக்காரு, நீ ஒழுங்காப் பரீட்ச எழுது" என்றார்கள். அந்த நாள்களில் அவருக்குப் பேச்சு இருந்தது. என்னைக் கேட்டிருக்கிறார். நான் பரீட்சை முடித்து, அப்பா வேலை செய்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது முறை வந்து, பேச்சு நின்றுவிட்டது. அதன்பிறகு பல வருஷம் இருந்தார், உன்னைக்கூட மடியில் வைத்திருந்தார். ஆனால் பேசவில்லை. யாரையும் நான் குறை சொல்லவில்லை, எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செய்தார்கள். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அன்று தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்தவள், உன்னிடம் எப்படிக் கேட்டிருக்கிறேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். "பரீட்ச நல்லா செஞ்சியா?" "வேல நல்லா போகுதா?" "நல்லா சாப்டியா?" என் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நீ தலையாட்டினால் போதும். நீ திருப்பித் தர வேண்டிய வகையை உனக்காக நானே எழுதிவிட்டேன், அதில் "இல்லை" என்பதற்கு இடமே வைக்கவில்லை. வேலை போன அன்று வீட்டுக்கு வந்து நீ செருப்பைக் கழற்றும்போதே நான் அப்படித்தான் கேட்டிருப்பேன், இல்லையா? அதற்கு நீ வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வேலை போனதில் உனக்குக் குற்றமில்லை. ஒரு டீமை மூடினால் அதில் இருக்கிற கெட்டிக்காரனும்தான் வெளியே வருவான். மறைத்ததிலும் பாதிப் பங்கு என்னுடையது. ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு இருட்டில் கிளம்பிப் போய், போக இடமில்லாமல் சாயங்காலம்வரை காத்திருந்த என் பிள்ளையை நினைத்தால் இப்போதே உன்னைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருக்கிறது.

மேலே உள்ளதை எழுதி முடித்து, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பொந்தியானுக்குப் போய் அவளிடம் சொல் என்று எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் போன் வந்தது. ஷாமினிதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்கு வெளியே நின்று பேசினாள், பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒன்னு கேக்கலாமா? அவரு கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காரு. கேட்டா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொல்றாரு. அவரு நல்லாத்தான் இருக்காரா?" நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தம்பி, "அதெல்லாம் ஒன்னுமில்லமா, வேலக் களைப்பு" என்று. விமலாவிடம் சொன்னதைவிடச் சுலபமாக வந்திருக்கும்.

"இல்லம்மா," என்றேன். "நல்லா இல்ல."

லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள், "என்ன ஆச்சு ஆன்ட்டி?" "அத அவன்தாம்மா சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். உடம்புக்கு ஒன்னுமில்ல, உன் மேல உள்ள பாசத்துலயும் குறையில்ல. ஆனா அவன் நல்லா இல்ல. திங்கக்கெழம அந்த லெட்டரக் குடுக்கறதுக்கு முன்னால அவன்கிட்ட பேசிடு." அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேன் ஆன்ட்டி. அவர எங்கயும் போகாம நேரா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவள் பொந்தியானிலிருந்து கிளம்பி இந்நேரம் பாதி வழி வந்திருப்பாள். நானும் உன் அப்பாவும் இன்று லீவு, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சாயங்காலம்வரை காத்திருக்காதே. இன்றைக்குப் பகலிலேயே வீட்டுக்கு வா.

அம்மா